கிடைக்குமா என்று கேட்டேன், போகலாமா என்று கேட்கவில்லை

2024 மார்ச் 14 அன்று நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கான (பிஆர்) தாள்களோடு தனியாகக் கனடாவின் டொராண்டோவில் இறங்கினேன். 2025 அக்டோபர் 18 அன்று மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு சென்னைக்கே திரும்பிவிட்டேன். இடையில் இருந்தவை 583 நாள்கள். திரும்பியதிலிருந்து என்னிடம் பேசுகிறவர்களில் பாதிப் பேர் ஏன் வந்துவிட்டாய் என்று கேட்கிறார்கள். மீதிப் பேர், பிஆர் வாங்குவது எப்படி என்று கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போகாதீர்கள் என்று சொல்வது என் நோக்கமன்று. என்னோடு அதே மாதத்தில் இறங்கிய ஒரு நண்பர் அங்கே நிம்மதியாக வாழ்கிறார். ஆனால் நான் தெரிந்துகொண்டு போயிருக்க வேண்டிய பல செய்திகளை அங்கே போய், பணத்தைக் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தொடக்கம் 2019-இன் இறுதியில். அலுவலகத்தில் எங்கள் குழுவில் மூன்று பேர், கனடாவில் குடியேற ஆள் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தகுதிக்கு 100-க்கு 67 புள்ளிகள் வேண்டும். அதைத் தாண்டினால் 1,200 புள்ளிகள் கொண்ட இன்னொரு தரவரிசையில் நம்மை நிறுத்துவார்கள். குறிப்பிட்ட நாள்களில் ஒரு கட்-ஆஃப் அறிவித்து அதற்கு மேலே உள்ளவர்களை அழைப்பார்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணும் கட்-ஆஃபும் பார்த்து வளர்ந்த நமக்கு இதைவிடப் பழக்கமான விளையாட்டு வேறில்லை. அன்றிரவே கணக்குப் போட்டேன். வயதுக்கு 29 வரை முழுப் புள்ளி, அதன்பின் ஆண்டுக்கு ஐந்தைந்தாகக் குறையும் என்று தெரிந்ததும், 33 வயதில் இருந்த எனக்கு அடுத்தடுத்த பிறந்தநாள்கள் எல்லாம் நஷ்டக் கணக்காகிவிட்டன. மகள் கேக் வெட்டச் சொல்லும்போதும் மனத்தில் மைனஸ் ஐந்து என்றுதான் ஓடியது.

2020 பிப்ரவரியில் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதினேன். என் பட்டம் கனடாப் பட்டத்துக்கு இணைதானா என்ற மதிப்பீட்டையும் வாங்கினேன். பிறகு கொரோனா வந்தது. 2020 டிசம்பருக்குப் பிறகு எங்களைப் போல வெளியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கான பொது அழைப்புகள் நின்றுபோயின. ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். என்னுடையது காத்திருப்பிலேயே காலாவதியானது. 2022 ஜூலை 6 அன்று அழைப்பு மீண்டும் தொடங்கியபோது கட்-ஆஃப் 557. நான் அதன் அருகில்கூட இல்லை. மறுபடியும் தேர்வு எழுதினேன், மனைவியையும் எழுத வைத்தேன். கடைசியில் 2023-இல் டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் நாமினேஷன், அதாவது பரிந்துரை, கிடைத்தது; அதற்கு 600 புள்ளிகள் கூடும் என்பதால் மத்திய அரசின் அழைப்பு உறுதியானது. அன்று வீட்டில் பாயசம் வைத்தோம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்த ஒரே கேள்வி "கிடைக்குமா?" என்பதுதான். கிடைப்பது கடினமாக ஆக, அது நல்லதாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் தானாகவே வளர்ந்தது. அங்கே என்ன வேலை, என்ன வீடு, மனைவி என்ன செய்வாள், எட்டு மாதம் வேலை கிடைக்காவிட்டால் என்ன என்பதையெல்லாம் இரண்டு மாலைப்பொழுதுகள்கூட உட்கார்ந்து பேசியதில்லை. கிடைத்த பிறகு பேசலாம் என்று இருந்தோம். கிடைத்த பிறகோ, இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்ததை வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா என்ற நிலைக்கு வந்துவிட்டோம். நீங்கள் இப்போது புள்ளிகளைக் கூட்டிக்கொண்டிருப்பவராக இருந்தால், அழைப்பு வருவதற்கு முன்பே, கைக்கு எதுவும் வராத இந்த நேரத்திலேயே, போகலாமா என்ற பேச்சை முடித்துவிடுங்கள். அழைப்பு வந்தபின் விண்ணப்பிக்க 60 நாள்கள்தான் தருவார்கள். சான்றிதழ் தேடுவதிலேயே அது போய்விடும். யோசிக்க நேரம் இருக்காது.

நடுவில் ஒரு கன்சல்டன்ட் வந்து போனார். 2021-இல், எல்லாம் நின்றுபோயிருந்த காலத்தில், பிஆரோடு வேலையும் வாங்கித் தருகிறோம் என்று சொன்ன ஓர் அலுவலகத்தில் 1,10,000 ரூபாய் கட்டினேன். ஓராண்டில் அவர்கள் செய்தது, நான் ஏற்கெனவே உருவாக்கி வைத்திருந்த கணக்கின் பாஸ்வேர்டை மாற்றியது மட்டுமே. பணம் திரும்பவில்லை. கனடாக் குடியேற்ற விண்ணப்பத்துக்காகப் பணம் வாங்கிக்கொண்டு நம் சார்பில் செயல்படும் உரிமை அந்நாட்டில் உரிமம் உள்ள வழக்கறிஞர் போன்ற சட்டத் துறையினருக்கும், குடியேற்ற ஆலோசகர்களுக்கான கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பின் உரிமம் பெற்றவர்களுக்கும்தான் உண்டு. உரிமம் பெற்றவர்களின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். நான் ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் அந்தப் பெயர் அதில் இல்லை என்று தெரிந்திருக்கும். பிறகு படிவங்களை நானே நிரப்பினேன். வங்கிப் படிவங்களைப் பொறுமையாக நிரப்பத் தெரிந்தவருக்கு அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மாகாண விண்ணப்பத்துக்கு 1,500 கனடா டாலர். மத்திய விண்ணப்பத்துக்குப் பெரியவர்கள் இருவருக்கும் குழந்தைக்கும் சேர்த்து அன்றைய கட்டணம் 2,960 டாலர். கைரேகைப் பதிவுக்கு 170 டாலர். ஆக 4,630 டாலர், நம் பணத்தில் சுமார் 2.8 லட்சம். இதற்குப் பிறகு கட்டணம் கூடியிருக்கிறது. இது தவிர, அங்கே போய் வாழக் கையில் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். 2023-இல் மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு அது 21,055 டாலர். இந்தத் தொகையைக் கடன் வாங்கிக் காட்டக் கூடாது; வீடு, மனையின் மதிப்பைக் காட்டவும் முடியாது; வங்கிக் கடிதத்தில் ஆறு மாதச் சராசரி இருப்பும் இருக்க வேண்டும். என்னிடம் இருந்த சேமிப்பெல்லாம் கூடுவாஞ்சேரிப் பக்கம் மனையாகக் கிடந்தது. அழைப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் அவசரமாக விற்றேன். 26 லட்சம் கேட்க வேண்டிய இடத்தை 21 லட்சத்துக்குக் கொடுத்தேன். மறுஆண்டு பக்கத்து மனை 28-க்குப் போனதாக அம்மா போனில் சொன்னபோது, நான் வேறு பேச்சை எடுத்தேன். பிஆர் எண்ணம் இருப்பவர்கள், அழைப்புக்கு ஓராண்டு முன்பே இந்தத் தொகையை வைப்புநிதியாகவோ சேமிப்புக் கணக்கிலோ நகர்த்தி வைத்துக்கொண்டால் இந்த ஐந்து லட்சம் மிஞ்சும்.

இன்னொன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. 2023 அக்டோபர் முதல், ஒரு நிதியாண்டில் 7 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால், அதற்கு மேற்பட்ட தொகையில் 20 சதவீதத்தை வங்கி டிசிஎஸ் என்று வரிக்கான முன்பிடித்தமாகப் பிடித்துக்கொள்ளும். 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 10 லட்சமானது. நான் 2024 பிப்ரவரியில் 19 லட்சத்தை என் ஒரே கணக்கிலிருந்து அனுப்பினேன். 2,40,000 ரூபாய் தனியாகப் போயிற்று. அது கூடுதல் வரி அன்று. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்பி வரும். வந்தது, செப்டம்பரில். ஆனால் வேலையில்லாமல் ஒவ்வொரு டாலரையும் எண்ணிக்கொண்டிருந்த அந்த ஏழு மாதங்களும் அது என் கையில் இல்லை. வரம்பு ஆளுக்கு ஆள் தனி என்பதால், மனைவியின் பெயரிலிருந்த சேமிப்பை அவள் கணக்கிலிருந்தே அனுப்பி, கொஞ்சத்தை மார்ச்சுக்கு முன்பும் மீதியை ஏப்ரலுக்குப் பின்பும் பிரித்திருந்தால் இதைப் பெருமளவு தவிர்த்திருக்கலாம்.

இப்போது நான் செய்த பெரிய தவறுக்கு வருகிறேன். வேலையை ராஜினாமா செய்தேன். பதினோரு ஆண்டு இருந்த நிறுவனத்தில் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொள்கிறாயா என்று அவராகவே கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, நிரந்தரமாகப் போகிறேன் சார் என்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் கூசுகிறது. சட்டம் என்ன சொல்கிறதென்றால், பிஆர் வாங்கியவர் எந்த ஐந்தாண்டிலும் 730 நாள்கள் கனடாவில் இருந்தால் போதும். அதாவது ஐந்தாண்டில் மூன்றாண்டு வெளியே இருந்தாலும் அந்தத் தகுதி போகாது. எனவே விசா காலாவதியாகும் முன் ஒருமுறை போய் இறங்கி, தாள்களை உறுதிசெய்து, பிஆர் அட்டைக்கு ஒரு முகவரி கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் வாடகை, வேலை, பள்ளி எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துத் திரும்பி வந்து, பழைய வேலையில் இருந்தபடியே முடிவெடுத்திருக்கலாம். இதற்கு அங்கே சாஃப்ட் லேண்டிங் என்று பெயர்; பலரும் செய்வதுதான். நிரந்தரம் என்ற சொல்லே என்னை ஏமாற்றியது என்று நினைக்கிறேன். நிரந்தரமாக இருக்கும் உரிமையைத்தான் அவர்கள் தருகிறார்கள். பாலத்தை இடித்துவிட்டு வா என்று யாரும் கேட்கவில்லை. அதை இடித்தது நான்.

இறங்கிய நாளில் பனி கொட்டவில்லை, காற்றுதான். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஓர் ஈழத்தமிழர் வீட்டில் அறை பார்த்துக் கொடுத்திருந்தார் நண்பரின் நண்பர் ஒருவர். மாதம் 750 டாலர். அந்த வீட்டு ஐயாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வேலை செய்யத் தேவையான சின் நம்பர், வங்கிக் கணக்கு, ஓஹிப் என்ற மருத்துவ அட்டை எல்லாம் பத்து நாளில் ஆயின. ஒன்டாரியோவில் மருத்துவ அட்டைக்கு இருந்த மூன்று மாதக் காத்திருப்பை 2020-இலேயே நீக்கிவிட்டார்கள். ஆனால் அட்டை கிடைப்பது வேறு, குடும்ப மருத்துவர் கிடைப்பது வேறு; நாங்கள் திரும்பும்வரை எங்களுக்கு அவர் கிடைக்கவில்லை, வாக்-இன் கிளினிக்கில்தான் போய் உட்கார்ந்தோம். பல் வைத்தியம் அந்த அட்டையில் அடங்காது. எனக்கு ஒரு கடைவாய்ப் பல் வலித்தபோது, விலையைக் கேட்டுவிட்டு, கிராம்பை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன். புறப்படும் முன் பல்லையும் கண்ணையும் இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே ஆர்டிஓ அலுவலகத்தில் உங்கள் ஓட்டுநர் உரிமத்தின் முழு விவரத்துக்கு ஒரு சான்றுக் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். குடியேறியவர் நம் உரிமத்தை வைத்து ஒன்டாரியோவில் 60 நாள்கள்தான் ஓட்டலாம். பிறகு அங்கே தேர்வு எழுத வேண்டும். பழைய அனுபவத்தை அந்தக் கடிதத்தால் நிரூபித்தால்தான் கடைசிச் சாலைத் தேர்வுக்கு நேராகப் போகலாம்.

வேலை தேடியதைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது. மார்ச்சிலிருந்து ஜூலை வரை 214 விண்ணப்பங்கள் போட்டேன். ஓர் எக்செல் தாளில் எண்ணி வைத்திருக்கிறேன். நேர்காணல் வரை போனவை ஐந்து. மென்பொருள் துறையில் எங்கும் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. வேலை இழந்த உள்ளூர்க்காரர்களே வரிசையில் நின்றார்கள். நேர்காணலில் மிகவும் மரியாதையாகப் பேசுவார்கள். முடிவில், இங்கே வேலை செய்த அனுபவம் ஏதும் உண்டா என்பார்கள். வந்து மூன்று மாதமான மனிதனிடம் அது எப்படி இருக்கும் என்று கேட்கத் தோன்றும், கேட்க மாட்டோம். விளம்பரத்தில் கனடா அனுபவத்தைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது என்று ஒன்டாரியோவில் 2026 ஜனவரி முதல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் வர வேண்டிய அளவுக்கு அது இருந்தது என்பதையும் அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். அந்த ஐந்தில் மூன்று, முன்பின் பார்த்திராத மனிதர்கள் ஒரு காபி குடித்துப் பேசியபின் என் பெயரைத் தங்கள் அலுவலகத்தில் சொன்னதால் வந்தவை. 200 விண்ணப்பங்களைவிட ஆறு காபிகள் அதிகம் வேலை செய்தன. இந்தியாவிலிருந்தபடியே அந்த அறிமுகங்களைத் தொடங்கியிருக்கலாம். நானோ போய் இறங்கிய பிறகுதான் தொடங்கினேன்.

மே மாதம் ஓர் ஏஜென்சி மூலம் வேர்ஹவுஸில் இரவு ஷிப்டுக்குப் போனேன். மணிக்கு 16.55 டாலர், அன்றைய குறைந்தபட்ச ஊதியம். இரண்டு பேருந்து மாறி ஒன்றே முக்கால் மணி நேரம். உடல் வேலையை நான் இழிவாக நினைக்கவில்லை. என் தாத்தா மூட்டை தூக்கியவர். என்னை உடைத்தது வேறொன்று. காலை ஆறு மணிக்கு அறைக்கு வந்து, இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து, கண் எரிய எரிய விண்ணப்பம் எழுதுவேன். நேர்காணலில் சொற்கள் வராது. சர்வைவல் ஜாப் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அது வாடகையைக் கொடுத்தது, வேலை தேடும் தெம்பை எடுத்துக்கொண்டது. வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் அந்த வேலை, மீதி நாள் தேடல் என்று வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் சீக்கிரம் மீண்டதைப் பார்த்தேன். அதற்கு ஓராண்டுச் செலவுக்கான பணம் கையில் இருக்க வேண்டும். அரசு அன்று காட்டச் சொன்ன 21,055 டாலர் ஓராண்டுக்குப் போதாது. மூன்று பேருக்கு டொராண்டோவில் ஆறேழு மாதம் ஓடினாலே பெரிது. அந்தத் தொகை விண்ணப்பத்தில் தேறுவதற்கான அளவு. வாழ்க்கைக்கான அளவாக அதை நான் எடுத்துக்கொண்டது என் பிழை. வீட்டுக்குப் பேசும்போது எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொல்வேன். பேசி முடித்து, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆகஸ்டில் மனைவியும் மகளும் வந்தார்கள். மாதம் 1,700 டாலருக்குத் தரைக்குக் கீழே ஒரு பேஸ்மென்ட் வீடு பிடித்தேன். வேலைக் கடிதமும் கிரெடிட் ஸ்கோரும் இல்லாததால் நான்கு மாத வாடகையை முன்கூட்டியே கொடுத்தேன். கடைசி மாத வாடகை ஒன்றைத் தவிர வேறு முன்பணம் கேட்க அங்கே சட்டம் அனுமதிப்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மகளுக்குப் பள்ளியில் எந்தத் தொல்லையும் இல்லை, அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கட்டணமில்லாத பள்ளி, வீட்டுப்பாடம் குறைவு, ஆசிரியையைப் பெயர் சொல்லிக் கொஞ்சுவாள். சிரமப்பட்டது அவள் அம்மா. இங்கே ஒன்பது ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். ஒன்டாரியோவில் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் ஆசிரியராவதற்கு மாகாணத்தின் சான்றிதழ் வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாகத் தாள்கள் போய்ச் சேர வேண்டும். சென்னையில் இல்லாத நாங்கள் அதற்கு யாரை அனுப்புவது? ஏழு மாதம் அப்படியே போயிற்று. அந்த நாள்களில் அவள் ஒரு பள்ளியில் மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மணி நேர வேலை செய்தாள். ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள்: "என்னங்க, இந்த ஜன்னல் வழியா ரெண்டு மாசமா மத்தவங்க செருப்பை மட்டும்தான் பார்க்கிறேன்." டிசம்பரில் நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். செருப்பும் தெரியாது. இருவரில் ஒருவரின் தொழிலுக்கு உரிமம் தேவையென்றால், அந்த உரிமத்துக்கான வேலையை விசா விண்ணப்பத்தோடு சேர்த்தே, ஊரில் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். இல்லையென்றால் முதன்மை விண்ணப்பதாரர் ஒருவரின் கனவுக்காக இன்னொருவர் தம் தொழிலைக் கழற்றிவைக்க நேரும்.

முதலில் நான் தங்கியிருந்த வீட்டு ஐயாவை அடிக்கடி போய்ப் பார்ப்பேன். 83 கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, இரண்டு நாடுகள் தாண்டி வந்தவர். உணவகத்தில் பாத்திரம் கழுவி மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். நான் புலம்பியதை ஒருநாள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, நாங்கள் திரும்பிப் பார்க்க இடமில்லாமல் வந்தனாங்கள். அதால இங்க இருக்கிறதா இல்லையா எண்டு ஒருநாளும் யோசிக்கேல்லை. உங்களுக்கு அங்க ஒரு வீடு இருக்கு. அதுதான் உங்களுக்குக் கரைச்சல்." அதைப் பல இரவுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களின் உழைப்பைப் பார்த்து, அவர்கள் தாங்கினார்கள், நாமும் தாங்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் நம்மில் பலர் போகிறோம். அவர்களுக்கு வேறு வழியில்லாமல் இருந்தது. விரும்பிப் போகிறவன் ஒவ்வொரு திங்கட்கிழமையும் தன் முடிவைப் புதிதாக எடுக்க வேண்டியிருக்கிறது.

பெற்றோரைப் பற்றி ஒரு தெளிவு தேவை. இரண்டு மூன்று வருடத்தில் அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டுக்கொள்வேன் என்று சொல்லித்தான் நானும் கிளம்பினேன். பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் திட்டத்தில் 2020-இல் விருப்பப் படிவம் கொடுத்தவர்களிடமிருந்துதான் 2025 வரை அழைத்தார்கள். அதற்குப் பின் போனவர்களுக்கு வரிசையில் சேரவே வழியில்லை. சூப்பர் விசா உண்டு. ஒருமுறை வந்தால் ஐந்தாண்டு வரை தங்கலாம். ஆனால் அதற்கு நமக்குக் குறிப்பிட்ட வருமானமும் அவர்களுக்குத் தனியார் மருத்துவக் காப்பீடும் வேண்டும். எழுபது வயதுக்காரருக்கு அந்தக் காப்பீடு எவ்வளவு ஆகும் என்பதை முதலில் விசாரியுங்கள். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். நான் ஷிப்டுக்குக் கிளம்பும் நேரம் அவர்களுக்கு விடியல். அப்பாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்ததை நான்கு நாள் கழித்து என் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உன்னைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று இருந்தோம் என்றான். நான் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன அதே முறையில் அவர்களும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

2025 ஜனவரியில் என் துறையிலேயே ஒப்பந்த வேலை கிடைத்தது, மணிக்கு 38 டாலர். எட்டு மாதம் நிம்மதியாக இருந்தோம். தரைக்கு மேலே வீடு பார்க்கத் தொடங்கினோம். ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. மறுபடியும் வேர்ஹவுஸ், மறுபடியும் எக்செல் தாள் என்று நினைத்தபோது, என் பழைய மேலாளரின் குறுஞ்செய்தி ஒன்று போனில் இருந்தது. வேறு நிறுவனத்துக்கு மாறியிருந்தார். மனைவியிடம் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லாமல், பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டாள். அந்தக் கேள்வியே எங்கள் முடிவாக ஆயிற்று.

நஷ்டத்தை எழுதிப் பார்த்தேன். விண்ணப்பம், தேர்வுகள், கன்சல்டன்ட், மருத்துவச் சோதனை எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்தைத் தாண்டியது. மனையில் ஐந்து லட்சம். போக வர விமானச் செலவு நாலரை லட்சம். கொண்டுபோன 31,000 டாலரில் மிச்சம் 4,000. இங்கே இருந்திருந்தால் வந்திருக்கும் சம்பளத்தைச் சேர்த்துக் கணக்குப் பார்க்கத் துணிவில்லை. திரும்பியதும் கிடைத்த வேலையில் பழையதைவிடப் பதினைந்து சதவீதம் குறைவு. மகளுக்கு ஆண்டின் நடுவில் பள்ளியில் இடம் வாங்க நாலு பள்ளிப் படிகள் ஏறினேன். தமிழில் அவள் பின்தங்கிவிட்டாள். வங்கியில் என்ஆர்ஓவாக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவருக்கான கணக்காக, மாற்றியதை மறுபடியும் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு நாட்டிலும் வரிக் கணக்கு கொடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே வசிப்பவராக இருக்கும் காலத்தில் இந்தியாவில் வரும் வாடகை, வட்டியையும் அங்கே காட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உறவினர் வீட்டுத் திருமணங்களில் எங்களைப் பார்த்து, "என்ன, லீவா?" என்று கேட்பார்கள். முதல் சில மாதம் ஆமாம் என்று சொல்லிவைத்தேன். இப்போது, இல்லை, வந்துவிட்டோம் என்று சொல்கிறேன். அதன்பின் கேட்பவர்தான் சங்கடப்படுகிறார்.

குடிமகனாவது இன்னும் தள்ளி இருக்கும் படி. அதற்கு விண்ணப்பிக்கும் முன் ஐந்தாண்டில் 1,095 நாள்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். அதை எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் இங்கே ஓட்டுரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அங்கே போய் இறங்குவது, வாழ்வது, குடிமகனாவது என்ற இந்த மூன்றும் தனித்தனி முடிவுகள். நான் மூன்றையும் ஒரே நாளில், பாயசம் வைத்த அன்றே எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பிஆர் அட்டைகள் பீரோவில், மகளின் பிறப்புச் சான்றிதழோடு இருக்கின்றன. 730-ஐ எட்ட எனக்கு 2029 மார்ச்சுக்குள் இன்னும் 147 நாள்கள் வேண்டும். ஐந்து மாதம் தாமதமாக வந்த மனைவிக்கும் மகளுக்கும் 2029 ஆகஸ்டுக்குள் 296 நாள்கள். மனைவி போன வாரம் தன் பல்கலைக்கழகத்துக்குப் போய், அந்த ஆசிரியர் சான்றிதழுக்கு வேண்டிய தாள்களுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ரசீதை அட்டைகளோடு வைத்துப் பூட்டினாள்.